அழைக்கும் ஒளியும் விலக்கும் ஒளியும்: இலங்கைத் தென்கிழக்குக் கடலின் பெரிய பேசஸ் கலங்கரை விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், திறந்த கடலிலுள்ள பாறைத் தொடரின் மீது 1873ஆம் ஆண்டு ஒளியேற்றப்பட்டது பெரிய பேசஸ் கலங்கரை விளக்கம். அதன் தோற்றப் பின்னணி, கட்டுமானம், தொழில்நுட்பக் கூறுகள், நிருவாகம் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் இலக்கியம் காட்டும் கலங்கரை விளக்கம் கலங்களைத் துறைக்கு அழைப்பது. பேசஸ் விளக்கோ கலங்களை அண்டவிடாமல் விலக்குவது. சென்னைத் துறைக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்கள் இவ்விரு வகை ஒளியையும் ஒரே பயணத்தில் சார்ந்திருந்தன. எனவே சோழமண்டலக் கரையின் கடல்வழி வரலாற்றில் இவ்விளக்குக்கு உரிய இடம் உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: கலங்கரை விளக்கம், பெரிய பேசஸ், பாறை விளக்கு, இலங்கைக் கடல்வழி, டக்ளஸ் சகோதரர்கள், ஒளிக்கட்டணம்.

முன்னுரை

கலங்கரை விளக்கங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் துறைமுகத்திலிருந்தே தொடங்குகின்றன. புகார்த் துறையில் எரிந்த விளக்கு, மாமல்லபுரத்துக் குன்றின் மீதுள்ள கோபுரம், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள தூண் என அவை வரிசைப்படுத்துபவை யாவும் கரையில் நிற்பவை. மக்கள் சென்று காணத்தக்கவை. இவ்வணுகுமுறையில் ஒரு குறை உள்ளது. கப்பலின் பயணம் துறையில் முடிவதேயன்றித் துறையில் தொடங்கி அங்கேயே நிற்பதன்று. ஒரு துறையின் வாணிகம் அத்துறையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு பாறையின் இடரைச் சார்ந்திருக்கக்கூடும். அப்பாறையில் எரியும் விளக்கு அத்துறையின் வரலாற்றுக்கும் உரியதாகும்.

பெரிய பேசஸ் கலங்கரை விளக்கம் இதற்குத் தக்க சான்று. கதிர்காமத்துக்குத் தென்கிழக்கே, கிரிந்தைக்கும் யால வனப்பகுதிக்கும் அப்பால், கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் அது நிற்கிறது. அதைச் சுற்றி ஊரில்லை, துறையில்லை, கால்வைக்கத் தக்க தீவும் இல்லை. இத்தகைய இடத்தில் பெரும் பொருட்செலவில் ஒரு கருங்கற்கோபுரம் ஏன் எழுப்பப்பட்டது, எவ்வாறு எழுப்பப்பட்டது, அதன் செலவை யார் ஏற்றனர் என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் பொருளும்

கலங்கரை விளக்கம் என்னும் தொடர் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இடம்பெறுகிறது. புகார்க் கடற்கரையில் இரவில் ஒளிர்ந்த பலவகை விளக்குகளுள் ஒன்றாக இளங்கோவடிகள் அதனைக் குறிப்பிடுகிறார். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தைச் சொல்லுமிடத்தில், ஏணி சார்த்தி ஏறுவதற்கு அரிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றப்பட்ட சுடர், கடலில் செல்லும் கலங்களுக்கு வழிகாட்டியதைக் காட்சிப்படுத்துகிறது. மாடத்து ஒளியை நோக்கிக் கலத்தைச் செலுத்தும் மாலுமியை அகநானூற்றின் 255ஆம் பாடலில் மருதன் இளநாகனார் காட்டுகிறார்.

இத்தொடரில் உள்ள ‘கரை’ என்பதற்கு அழைத்தல் என்று பொருள்கொள்வது மரபு. காக்கை கரைகிறது என்னும் வழக்கில் இன்றும் அப்பொருள் வாழ்கிறது. கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கலத்தை அழைக்கும் விளக்கம், கலங்கரை விளக்கமாயிற்று. மேற்கண்ட மூன்று இலக்கியச் சான்றுகளிலும் ஒளியின் பணி இப்பெயருக்குப் பொருந்தி நிற்கிறது. நீண்ட பயணத்தின் முடிவில் உள்ள கலத்துக்குத் துறை இன்னவிடத்தில் உள்ளது என்று அது அறிவிக்கிறது. விளக்கை நோக்கிச் செல்வதே மாலுமியின் கடமை.

கடல் நடுவிலுள்ள பாறையின் மீது நிறுவப்படும் விளக்கின் பணி இதற்கு நேர்மாறானது. அதை நோக்கிச் செல்லும் கப்பல் உடையும். தன்னை இனங்காட்டித் தன்னிடமிருந்து கப்பலை அகற்றுவதே அதன் தொழில். இவ்வகை விளக்கு உலக வரலாற்றில் மிகவும் பிற்பட்டது. அலெக்சாந்திரியாவின் பேரோஸ் கோபுரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் துறைமுக வாயிலில் எழுந்தது. திறந்த கடலின் பாறையில் ஒரு விளக்குக் கோபுரத்தை நிறுவும் முயற்சி 1698இல்தான் இங்கிலாந்தின் எடிஸ்டன் பாறையில் வெற்றிபெற்றது. அக்கோபுரத்தையும் அதனைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டன்லியையும் 1703ஆம் ஆண்டின் பெரும்புயல் அழித்தது. 1759இல் ஜான் ஸ்மீட்டன் அதே பாறையில் எழுப்பிய கற்கோபுரமே பின்வந்த பாறை விளக்குகளுக்கு முன்மாதிரி ஆயிற்று. 1811இல் ஒளியேற்றப்பட்ட ஸ்காத்லாந்தின் பெல் ராக் விளக்கும் அம்மரபில் வந்தது. பேசஸ் விளக்கு இம்மரபு இந்தியப் பெருங்கடலுக்கு வந்ததைக் குறிக்கிறது.

இவ்விரு வகைகளையும் வேறுபடுத்திக் காட்ட, இக்கட்டுரை முன்னதைத் துறைவிளக்கு என்றும் பின்னதைப் பார்விளக்கு என்றும் வழங்குகிறது. கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்று அழைப்பது தமிழ்க் கடலோர வழக்கு. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

கடல்வழியும் பாறையும்

இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கடல்வழியே செல்ல நேர்வழி இல்லை. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளின் மீது நீர் பல இடங்களில் சில மீட்டர் ஆழமே உடையது. பாம்பன் கால்வாய் 19ஆம் நூற்றாண்டில் ஆழப்படுத்தப்பட்ட பின்னரும் சிறு கலங்களுக்கே பயன்பட்டது. ஆழமான கால்வாய் ஒன்றை வெட்டும் திட்டத்தை இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ஏ. டி. டெய்லர் 1860இல் முன்வைத்தார். அது நிறைவேறவில்லை. இதன் விளைவாக, ஏடன் வழியாக வந்தாலும் நன்னம்பிக்கை முனை வழியாக வந்தாலும், இலங்கையின் மேற்கே வந்துசேர்ந்த பெருங்கப்பல்கள் அனைத்தும் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ செல்ல அத்தீவின் தெற்குக் கரையைச் சுற்றியாக வேண்டியிருந்தது.

1840களில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் சூயசுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடத் தொடங்கின. அவற்றுக்கு இலங்கையின் காலித் துறையும் அடுத்துச் சென்னையும் தங்குமிடங்களாயின. காலியைவிட்டுப் புறப்பட்ட கப்பல் தேவேந்திரமுனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். பின்னர்த் தீவின் கிழக்குக் கரையை இடப்பக்கத்தில் வைத்து வடக்கே ஏறும். இத்திருப்பத்தில்தான் பேசஸ் பாறைத் தொடர்கள் உள்ளன. பெரிய பேசஸ் தென்மேற்கிலும், சிறிய பேசஸ் அதற்கு முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் வடகிழக்கிலும், கரைக்கு ஏறத்தாழ இணையாக அமைந்துள்ளன. அவற்றின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கிறது. தலைகாட்டும் பாறைகளும் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலெழுபவை. அமைதியான பகலில் அவற்றின் மீது உடையும் நுரையைக் கொண்டு அவற்றை அறியலாம். இரவில் அதுவும் இயலாது. அப்பாலுள்ள கரையும் தாழ்வானது, காடடர்ந்தது. ஆகவே மாலுமி தன் நிலையைக் கணித்துக்கொள்ள நிலத்தின் துணையும் குறைவு.

1869 நவம்பரில் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து நீராவிக் கப்பல்கள் இடையில் நில்லாமல் வங்காள விரிகுடாவுக்கு வரும் வழி அமைந்தது. காற்றைச் சாராத நீராவிக் கப்பல் நேரத்தைக் கணக்கிட்டு இரவு பகலாக ஓடுவது. தொலைவைக் குறைக்க முனைகளையொட்டித் திரும்புவது. முன்பு பாய்க்கப்பல்கள் அகன்று சென்று தவிர்த்த பாறைகள் இப்போது குறுகிய வழியின் விளிம்பில் நின்றன. பேசஸ் விளக்கின் தேவை சூயசுக் கால்வாய்க்கு முன்பே உணரப்பட்டதாயினும், அதனைத் தள்ளிப்போட இயலாததாக்கியது இம்மாற்றமே.

மூழ்கிய வெள்ளி

இப்பாறைகளின் இடர் ஐரோப்பியக் கப்பல்களுக்கு மட்டும் உரியதன்று. விளக்கு எழுவதற்கு 170 ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று ஒன்று 1961 மார்ச்சில் பெரிய பேசஸ் பாறையருகே கடலடியில் வெளிப்பட்டது. அங்கு முக்குளித்த மைக் வில்சனும் அவருடன் சென்றவர்களும் ஒரு கப்பலின் சிதைவைக் கண்டனர். சிறு பீரங்கிகளுடன், கட்டிகட்டியாக ஒன்றோடொன்று இறுகிப்போன வெள்ளி நாணயங்களும் அங்குக் கிடந்தன. 1963இல் மீண்டும் ஆய்வு மேற்கொள்ளப்பட்டபோது கடலடித் தொல்லியலாளர் பீட்டர் திராக்மார்ட்டன் அதில் பங்கேற்றார். இக்கண்டுபிடிப்பை ஆர்தர் சி. கிளார்க் 1964இல் ஒரு நூலாக எழுதினார்.

அந்நாணயங்கள் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். சூரத்து அக்கசாலையில் அச்சிடப்பட்டவை. அவற்றில் பொறிக்கப்பட்ட ஹிஜ்ரி 1113 என்னும் ஆண்டு கி.பி. 1701–02ஐக் குறிக்கும். நாணயங்கள் அவை வார்க்கப்பட்ட பைகளின் வடிவிலேயே இறுகியிருந்தமை, அவை புழக்கத்திலிருந்து திரட்டப்பட்டவையாக அன்றிப் பெரும் சரக்காக அனுப்பப்பட்டவை எனக் கொள்ள இடந்தருகிறது. மேற்குக் கரையின் சூரத்து வெள்ளி, இலங்கையின் தென்கிழக்கு மூலையில் கிடப்பதற்கு மேலே சொன்ன கடல்வழி அமைப்பே விளக்கம். ஆழமற்ற மன்னார்த் திட்டுகளால் வழி மறிக்கப்பட்ட இந்தியப் பெருங்கடல் வாணிகமும் தீவைச் சுற்றியே சென்றது. அவ்வழியில் இப்பாறையிடம் இழப்புற்றது.

கைவிடப்பட்ட இரும்புத் திட்டம்

பேசஸ் பாறையில் விளக்கு அமைக்கும் முதல் திட்டம் 1850களில் உருவானது. அதனை வகுத்தவர் அலெக்சாந்தர் கார்டன். வார்ப்பிரும்புத் தகடுகளை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் ஏற்றி, உரிய இடத்தில் பொருத்திக் கோபுரமாக்கும் முறையில் அவர் பெயர்பெற்றவர். ஜமைக்காவின் மொரான்ட் முனையிலும் பெர்மூடாவின் கிப்ஸ் குன்றிலும் 1840களில் அவர் எழுப்பிய இரும்புக் கோபுரங்கள் தொலைதூரக் குடியேற்றங்களுக்கு இம்முறை ஏற்றது என்பதை மெய்ப்பித்திருந்தன. திறன்மிக்க கல்தச்சர்கள் இல்லாத இடத்திலும் குறைந்த காலத்தில் கோபுரத்தை நிறுத்தலாம் என்பது அதன் சிறப்பு.

எனினும் பேசஸ் பாறையில் அத்திட்டம் கைகூடவில்லை. ஏறத்தாழ 40,000 பவுண்டு செலவான நிலையில் அது கைவிடப்பட்டது. மொரான்ட் முனையும் கிப்ஸ் குன்றும் நிலத்தில் உள்ளவை. தகடுகளை இறக்கவும் அடுக்கவும் பணியாளர் தங்கவும் அங்கு இடமிருந்தது. பேசஸில் கருவிகளுடன் பாறையில் ஏறுவதே முதற் சிக்கல். அலையின் தாக்குதலுக்கு இரும்பு ஈடுகொடுக்குமா என்பது இரண்டாவது. இங்கிலாந்தின் சில்லித் தீவுகளுக்கு அப்பாலுள்ள பிஷப் பாறையில் இரும்புக் கால்களின் மீது எழுப்பப்பட்ட கோபுரம் 1850 பிப்ரவரியில், விளக்கு ஏற்றப்படுவதற்கு முன்பே, புயலில் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. 1858இல் அங்கு நிறைவுற்ற கருங்கற்கோபுரம் நிலைத்து நின்றது. கடலில் நிற்கும் கோபுரத்துக்கு எடையே காப்பு என்னும் முடிவுக்கு அக்காலப் பொறியியல் வந்திருந்தது.

கருங்கற்கோபுரத்தின் கட்டுமானம்

1860களின் பிற்பகுதியில் பேசஸ் பணி, இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களுக்குப் பொறுப்பான டிரினிட்டி ஹவுஸ் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் நிக்கலஸ் டக்ளஸ். பிஷப் பாறையில் தம் தந்தை நிக்கலஸ் டக்ளசுக்குத் துணையாகப் பணியாற்றியவர். ஸ்மால்ஸ், உல்ஃப் ராக் ஆகிய பாறை விளக்குகளின் கட்டுமானத்திலும் பட்டறிவு பெற்றவர். கோபுரத்தின் வரைவை அவர் வகுத்தார். களப்பணியை அவருடைய தம்பி வில்லியம் டக்ளஸ் நேரில் நின்று நடத்தினார். மதிப்பீடு ஏறத்தாழ 64,000 பவுண்டு. கட்டுமானம் 1870க்கும் 1873க்கும் இடையே நடந்தது.

கோபுரத்துக்குரிய கருங்கல் இலங்கையில் வெட்டப்படவில்லை. ஸ்காத்லாந்தின் டால்பியாட்டி கல்லகங்களிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஒவ்வொரு கல்லும் தனக்குரிய இடத்துக்கேற்ப அங்கேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டது. கடலில் வேலை செய்யக் கிடைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் அரிது. ஆகவே செதுக்கும் வேலை முழுவதும் கரையில் முடிந்து, பாறையில் அடுக்கும் வேலை மட்டுமே எஞ்ச வேண்டும் என்பது இதன் அடிப்படை. வெகுதொலைவிலிருந்து கல்லைக் கொணர்ந்த செலவு, பாறையில் மிச்சமான காலத்தால் ஈடுசெய்யப்பட்டது.

கற்கள் ஒன்றையொன்று பற்றும் முறையும் குறிப்பிடத்தக்கது. ஸ்மீட்டன் ஒரே வரிசையிலுள்ள கற்களைப் புறாவால் வடிவிலான பொருத்துகளால் பக்கவாட்டில் பிணைத்தார். நிக்கலஸ் டக்ளஸ் வகுத்த முறையில், மேல்வரிசைக் கல்லும் கீழ்வரிசைக் கல்லும்கூட இவ்வாறே பிணைந்தன. இம்முறை கெர்ன்சித் தீவருகே 1862இல் ஒளியேற்றப்பட்ட ஹனாய் விளக்கில் முதலில் கையாளப்பட்டது. இதனால் கோபுரம் அடுக்கிய கற்களின் தொகுதியாக இல்லாமல் ஒற்றைப் பாறைபோல் இயங்கும். சாந்து இறுகுவதற்கு முன்பே அலை வந்து மோதினாலும் கல் பெயராது. வேலை நடுவே கடல் பொங்கும் இடத்தில் இது இன்றியமையாத காப்பாகும்.

கோபுரத்தின் அடியில் செங்குத்துச் சுவருடைய உருளை வடிவ மேடை அமைக்கப்பட்டது. ஸ்மீட்டன் மரபில் அடிமரம்போல் விரிந்து வளைந்த அடிப்பகுதியின் மீது அலை ஏறிச் சறுக்கி விளக்கறைவரை எழும் குறை இருந்தது. செங்குத்து மேடையில் மோதும் அலை அங்கேயே உடைந்து வலுவிழக்கும். படகிலிருந்து ஆளும் பொருளும் இறங்குவதற்கான தளமாகவும் அது பயன்பட்டது. ஜேம்ஸ் டக்ளஸ் 1882இல் நிறைவேற்றிய இன்றைய எடிஸ்டன் கோபுரத்திலும் இதே உருளை மேடையைக் காணலாம். இலங்கைக் கடலில் கையாளப்பட்ட வடிவம் பின்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாறைக்குச் சென்றது. தொழில்நுட்பம் பேரரசின் நடுவத்திலிருந்து விளிம்புக்கு மட்டுமே பாய்ந்தது என்னும் கருத்தை இந்நிகழ்வு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

பாறையில் வேலை செய்யும் பருவம் குறுகியது. இலங்கையின் தென்கிழக்கு மூலை தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டின் அலையையும் ஏற்பது. இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் காலத்தில்தான் கடல் தெளிந்து அடங்கும். மற்றக் காலங்களில் பாறையில் இறங்குவது நாளுக்கு நாள் கடலின் இசைவைப் பொறுத்தது. காலியிலிருந்து ஏறத்தாழ 80 மைல் தொலைவுக்குக் கற்களைக் கொண்டுவர ஹெர்குலிஸ் என்னும் நீராவிக் கப்பல் பயன்பட்டது. பாறையருகே நங்கூரமிட்டு, தன்னிடமுள்ள தூக்குப்பொறிகளாலேயே கற்களை இறக்கும் வகையில் அது அமைந்திருந்தது. பேசஸ் பணிகளுக்குப் பின் அதே கப்பல் எடிஸ்டன் பணியிலும் ஈடுபட்டது. பொறியாளர், வடிவம், கப்பல் ஆகிய மூன்றும் பேசஸிலிருந்து எடிஸ்டனுக்குச் சென்றமை இவ்விரு கட்டுமானங்களின் நெருக்கத்தைக் காட்டுகிறது. வில்லியம் டக்ளஸ் பிற்காலத்தில் அயர்லாந்துக் கலங்கரை விளக்கங்களின் பொறியாளராகி, 1904இல் ஒளியேற்றப்பட்ட ஃபாஸ்ட்நெட் கோபுரத்தின் வரைவை உருவாக்கினார்.

1873 மார்ச் 10ஆம் நாள் பெரிய பேசஸ் விளக்கு ஏற்றப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1878இல், சிறிய பேசஸ் விளக்கும் ஏற்றப்பட்டது.

ஒளியின் எல்லை

கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து அடிவானம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து 9 மீட்டர் உயரத்தில் கப்பல்தளத்தில் நிற்பவருக்கு அடிவானம் மேலும் 10 கிலோமீட்டர் அளவில் அமையும். இவ்விரண்டையும் கூட்டினால், தெளிந்த இரவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே மாலுமி ஒளியைக் காணலாம். மணிக்கு 10 நாட் வேகத்தில் ஓடும் நீராவிக் கப்பல் அத்தொலைவைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். திசையை மாற்றிக்கொள்ள அந்நேரம் போதும். ஒரு பார்விளக்கு மாலுமிக்கு அளிப்பது இக்கால இடைவெளியையே.

இரண்டு பேசஸ் பாறைகளுக்கும் தனித்தனியே விளக்கு வேண்டியிருந்ததன் காரணமும் இக்கணக்கில் உள்ளது. முதல் ஒளி பின்னே மங்கும் எல்லையில் இரண்டாவது ஒளி முன்னே தோன்றினால்தான் வழி முழுவதும் காப்புடையதாகும். ஆனால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினால் விளக்கே இடராகிவிடும். எந்தப் பாறையருகே இருக்கிறோம் என்று பிழையாக அறிந்த மாலுமி, எதையும் அறியாத மாலுமியைவிட இடருக்கு அண்மையில் இருக்கிறான். ஆகவே நிறத்தாலோ விட்டொளிரும் கால அளவாலோ ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஓர் அடையாளம் பெற வேண்டும். ஒளிக்கீற்றுகளைத் தொகுதிகளாகக் காட்டி விளக்குகளை வேறுபடுத்தும் முறையைச் சான்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தின் ஜான் ஹாப்கின்சன் 1874இல் வகுத்தது இக்காலத் தேவையின் விளைவேயாகும்.

துறைவிளக்குக்கு இந்நெருக்கடி குறைவு. புகார் மாடத்து ஒளியை நாடிய மாலுமிக்குத் தான் செல்லும் துறை முன்னரே தெரியும். அங்கு ஒளி இருப்பதே போதிய செய்தி. பார்விளக்கில் ஒளியின் இருப்பைவிட அதன் அடையாளமே முதன்மையான செய்தி. விளக்கு, எரியும் பொருள் என்னும் நிலையிலிருந்து படிக்கப்படும் குறி என்னும் நிலைக்கு மாறுவதை இங்குக் காணலாம்.

செலவும் பொறுப்பும்

சென்னையின் விளக்குகளை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். புனித ஜார்ஜ் கோட்டையில் 1796இல் எண்ணெய் விளக்கு ஏற்றப்பட்டது. 1844இல் ஏறத்தாழ 125 அடி உயரமுள்ள டோரிக் பாணித் தூண் அதன் பணியை ஏற்றது. 1894இல் விளக்கு உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கு மாறியது. துறைமுகம் அமைவதற்கு முன்பு திறந்த கடலில் நங்கூரமிட வந்த கப்பல்களை அழைத்தவை இவ்விளக்குகள். இவற்றால் பயன்பெற்றவை சென்னைக்கு வந்த கப்பல்கள். அவற்றின் வாணிகத்தால் பயன்பெற்றது நகரம். ஒளியும் ஊரும் ஒன்றையொன்று தாங்கின.

பேசஸ் விளக்குக்கு அத்தகைய ஊர் இல்லை. அருகிலுள்ள யாலக் கரை அவ்வொளியால் வாணிகம் பெறவில்லை. அதனால் காக்கப்பட்ட கப்பல்கள் அங்கு நில்லாமல் கடந்தன. எனவே கடந்து செல்லும் கப்பல்களிடமிருந்து ஒளிக்கட்டணம் பெற்று விளக்கைப் பேணும் முறை பின்பற்றப்பட்டது. லட்சத்தீவுகளின் தென்கோடியில், எட்டாம் பாகைக் கால்வாய்க்கும் ஒன்பதாம் பாகைக் கால்வாய்க்கும் இடையே, 1885இல் ஒளியேற்றப்பட்ட மினிக்காய் விளக்கும் இதே வகையில் பேணப்பட்டது. ஏடனிலிருந்து வரும் கப்பல் முதலில் மினிக்காயையும் பின்னர்ப் பேசஸையும் காணும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கடலில் நின்றபோதும் இவை இம்பீரியல் கலங்கரை விளக்கச் சேவை என்னும் பேரரசு அமைப்பின் கீழ் இருந்தன. மினிக்காய் விளக்கு இந்தியாவின் பொறுப்புக்கு வந்தது 1956இல்தான். நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கடந்த பின்னும் கடல்வழியின் ஒளி வேறொரு கையில் இருந்தது என்பது, பார்விளக்குகள் கரைக்கன்றி வழிக்கே உரியவையாகக் கருதப்பட்டமையைத் தெளிவாக்குகிறது.

பெயர்களும் நினைவும்

பேசஸ் என்னும் பெயர், ஆழமற்ற திட்டுகளைக் குறிக்கும் பாய்ஷோஸ் என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. அது கப்பலோட்டியின் பெயர். அஞ்சத்தக்க ஆழமின்மையை மட்டும் சொல்வது. சிங்களத்தில் இப்பாறைகள் மகா இராவணா கோட்டை, குடா இராவணா கோட்டை என வழங்குகின்றன. அவை முறையே பெரிய, சிறிய இராவணன் கோட்டை எனப் பொருள்படும். இராவணனின் கோட்டை கடலால் கொள்ளப்பட்டு, அதன் எச்சமாக இப்பாறைகள் நிற்பதாகக் கரைவாழ் மக்களின் தொன்மம் கூறுகிறது. கடல் கொண்ட பட்டினங்களை நினைவில் பேணும் தமிழ் மரபுக்கு இத்தொன்மம் அந்நியமானதன்று. குமண, யாலக் காடுகளின் வழியே கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் தமிழ் அடியார்களின் பாதையும் இக்கடலையொட்டியே செல்கிறது. ஒரே பாறைக்குக் கடலிலிருந்து பார்த்தவர் இட்ட பெயரும், கரையிலிருந்து பார்த்தவர் இட்ட பெயரும் இருவேறு வரலாறுகளைச் சுமக்கின்றன. விளக்கு முதற்பெயரின் உலகுக்காக எழுப்பப்பட்டது. இரண்டாம் பெயரின் உலகில் நிற்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் தென்கிழக்குக் கரையில் பேரழிவை விளைவித்தது. பேசஸ் கோபுரங்கள் இரண்டும் நிலைத்து நின்றன. மேலும் கீழுமாகப் பிணைக்கப்பட்ட கற்களும் அடிமேடையும் 130 ஆண்டுகளுக்குப் பின்னும் தம் பணியைச் செய்தன எனலாம்.

முடிவுரை

பெரிய பேசஸ் கலங்கரை விளக்கம் எழுந்த இடத்தை முடிவு செய்தது அதன் அருகிலுள்ள கரையன்று. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையிலுள்ள நீரின் ஆழமின்மை, சூயசில் வெட்டப்பட்ட கால்வாய், சென்னையிலும் கல்கத்தாவிலும் காத்திருந்த சந்தை ஆகியவையே அதனை முடிவு செய்தன. சூரத்து வெள்ளியைச் சுமந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைந்த கப்பலும், 1873க்குப் பின் அவ்வொளியைக் கண்டு விலகிச் சென்ற நீராவிக் கப்பல்களும் ஒரே வழியின் பயணிகள். சேதுக் கால்வாய்த் திட்டம் 1860லிருந்து மீண்டும் மீண்டும் எழுந்து, 2005இல் தொடங்கப்பட்டும் நிறைவுபெறாமல் நிற்பதால், இச்சுற்றுவழி இன்றும் முடிந்துபோன வரலாறாகவில்லை.

சென்னையின் துறைவிளக்கை நாடிய கப்பல் அதற்கு முன் பேசஸின் பார்விளக்குக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டியிருந்தது. முதல் ஒளி விலக்கியதால்தான் இரண்டாம் ஒளி அழைக்க முடிந்தது. தமிழ் மரபு முன்னதற்குப் பெயரிடவில்லை. பின்னதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மையான பழமையுடைய பெயரை வழங்கியுள்ளது. இரண்டையும் கலங்கரை விளக்கம் என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. சோழமண்டலத் துறைகளின் வரலாற்றை எழுதுவோர் கரையில் நிற்கும் கோபுரங்களோடு நில்லாமல், அத்துறைகளுக்கு வந்த கப்பல்கள் விலகிக் கடந்த பாறைகளையும் அவற்றின் மீது எரிந்த விளக்குகளையும் தம் ஆய்வெல்லைக்குள் கொணர்தல் வேண்டும்.